தேடல், உகப்பாக்க அல்கோரிதங்களைத் தானே இயக்கிக் கற்க எந்த இணையக் கருவிகள் உதவும்?

நிலா_06 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கணினி விஞ்ஞானப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். இந்தப் பருவத்தில் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தின் கீழ்த் தேடல் அல்கோரிதங்களும் உகப்பாக்கமும் (சாத்தியமான விடைகளுள் மிகச் சிறந்ததைக் கண்டறிதல்) வருகின்றன. அகலவழித் தேடல், ஆழவழித் தேடல், டைக்ஸ்ட்ரா, ஏ ஸ்டார், மலையேற்றம், படித்திறன் இறக்கம் என ஒவ்வொன்றின் வரைவிலக்கணமும் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் முன்பின் காணாத ஒரு வரைபைத் (கோடுகளால் இணைந்த கணுக்களின் வலையை) தந்து, அதன் கணுக்கள் எந்த ஒழுங்கில் விரிக்கப்படும், அதாவது அவற்றின் அயற்கணுக்கள் ஆராயப்படும் என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலானோரைப் போல நானும் தடுமாறுகிறேன்.

காணொளிகள் வேண்டாம். பெறுமானங்களை நானே மாற்றி, விளைவை உடனே பார்க்கக்கூடிய கருவிகளைத்தான் தேடுகிறேன். பகலில் என்னிடம் கைத்தொலைபேசி மட்டுமே இருக்கும். மடிக்கணினி தம்பியின் வகுப்பு முடிந்த பின்னர் இரவில்தான் கிடைக்கும். எதில் தொடங்கி எந்த ஒழுங்கில் செல்லலாம்?

கொட்டாஞ்சேனை ஆசான் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். முதலாவதாக விஷுஅல்கோவைத் திறவுங்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹாலிம் 2011 இல் தொடங்கிய தளம் அது. வரைபுகளில் அகலவழி, ஆழவழித் தேடல்கள், குறுகிய பாதை, பயண விற்பனையாளர் பிரச்சினை (எல்லா நகரங்களையும் ஒருமுறை சுற்றி வரும் மிகக் குறுகிய பாதையைத் தேடுதல்) ஆகியவற்றுக்கு அங்கே தனித்தனிப் பகுதிகள் உள்ளன. இயக்கத்தைப் படிப்படியாக முன்னும் பின்னும் நகர்த்தலாம், வேகத்தைக் குறைக்கலாம், உங்கள் வரைபை நீங்களே வரையலாம். தானாகவே வினாக்களை உருவாக்கித் திருத்தித் தரும் பரீட்சைப் பகுதியும் உண்டு; உங்கள் தேவைக்கு அதுவே மற்றவற்றைக் காட்டிலும் பெறுமதியானது. வரைவதற்குப் பெரிய திரை வேண்டும் என்பதால் இதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயினும் ஒரு நிபந்தனையை வலியுறுத்த விரும்புகிறேன். அடுத்த படிக்கான பொத்தானை அழுத்தும் முன்னர், எந்தக் கணு விரிக்கப்படும், வரிசையில் எவை எந்த ஒழுங்கில் நிற்கும் என்பதைத் தாளில் எழுதிவிட வேண்டும். எழுதியது பிழைத்தால் அங்கேயே நின்று ஏன் பிழைத்தது என்று பார்க்க வேண்டும். இது என் சொந்தப் பிடிவாதம் அன்று. ஹண்ட்ஹவுசன், டக்ளஸ், ஸ்டாஸ்கோ ஆகிய மூவர், அல்கோரிதங்களைக் காட்சிப்படுத்திக் கற்பிப்பது பற்றிய 24 பரிசோதனை ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002 இல் ஆராய்ந்தார்கள். காட்சி எதைக் காட்டுகிறது என்பதைக் காட்டிலும், மாணவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதே கற்றலை அதிகம் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வண்ணங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விளங்கிவிட்டது என்ற உணர்வு வரும். பரீட்சைத் தாளில் அந்த உணர்வுக்குப் புள்ளி கிடையாது.

அரைப்புள்ளி எழுதியது:

ஆசான் சொன்னதோடு உடன்படுகிறேன். தேடலைப் பொறுத்தவரை இரண்டு பெயர்களைச் சேர்க்கிறேன்.

ஒன்று, ரெட் பிளாப் கேம்ஸ் தளத்தில் அமித் பட்டேல் எழுதிய ஏ ஸ்டார் அறிமுகம். வாசிக்க வாசிக்க இடையிடையே வரும் படங்கள் ஒவ்வொன்றும் விரலால் இழுத்து மாற்றக்கூடியவை. கைத்தொலைபேசியிலும் வாசிக்கலாம் என்பதால் உங்கள் பகல் நேரத்துக்குப் பொருந்தும். அகலவழித் தேடலில் தொடங்கி, அதில் ஓரிரு வரிகளை மட்டும் மாற்றி டைக்ஸ்ட்ராவுக்கும், பிறகு ஏ ஸ்டாருக்கும் அவர் நகரும் முறையைப் போலத் தெளிவானதை நான் வேறெங்கும் வாசிக்கவில்லை. நான்கு தனித்தனி அல்கோரிதங்களாக மனனம் செய்யப்படுபவை உண்மையில் ஒரே கட்டமைப்பின் வெவ்வேறு முகங்கள். காத்திருக்கும் கணுக்களில் அடுத்து எதை எடுப்பது என்ற விதி மட்டுமே மாறுகிறது. இதுவரை வந்த செலவை மட்டும் பார்த்தால் டைக்ஸ்ட்ரா. இனிச் செல்லவேண்டிய தூரத்தின் மதிப்பீட்டை மட்டும் பார்த்தால் பேராசைத் தேடல். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஏ ஸ்டார்.

மற்றையது பாத்ஃபைண்டிங் ஜேஎஸ் என்னும் கட்டத்தாள் செயல்விளக்கம். தொடக்கத்தையும் இலக்கையும் வைத்து, நடுவே சுவர்களை வரைந்து, அல்கோரிதத்தைத் தெரிவு செய்து ஓடவிடலாம். பாதையின் நீளமும் செய்யப்பட்ட செயல்களின் எண்ணிக்கையும் கீழே தோன்றும். அதில் இந்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். கொம்பனித் தெருவிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குச் செல்வதாகக் கொண்டு, நடுவே பேர வாவியைப் போல ஒரு தடையை வரையுங்கள். தொடக்கத்தை நோக்கி வாய் திறந்த ஆழமான குடா ஒன்று அந்தத் தடையில் இருக்கட்டும். பேராசைத் தேடல் இலக்கின் திசை ஒன்றையே நம்பி நேராகக் குடாவுக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் கட்டங்களை எல்லாம் நிரப்பிய பின்னரே வெளியேறும். அது தரும் பாதையும் குடாவின் உட்கரையைத் தழுவிக்கொண்டு தேவைக்கு மேல் நீண்டிருக்கும். அதே படத்தில் ஏ ஸ்டாரை ஓட்டினால் அதுவும் குடாவுக்குள் பார்க்கும்; ஆனால் உள்ளே வந்த செலவும் கணக்கில் சேர்வதால் மிகக் குறுகிய பாதையைத் தவறவிடாது.

அடுத்து, மூலைவிட்டமாக நகர்வதற்கு அனுமதி கொடுத்துவிட்டு, மதிப்பீட்டை மன்ஹாட்டன் தூரமாகவே (கிடையாகவும் நிலைக்குத்தாகவும் மட்டும் கட்டங்களை எண்ணும் தூரம்) வைத்திருங்கள். ஒரு மூலைவிட்ட நகர்வின் உண்மையான செலவு ஏறத்தாழ 1.414, மன்ஹாட்டன் தூரம் அதை 2 என்று மதிப்பிடுகிறது. மதிப்பீடு உண்மையை மிஞ்சியதும், குறுகிய பாதை கிடைக்கும் என்ற உறுதி போய்விடுகிறது. தடைகளை மாற்றி மாற்றி வரைந்து, ஏ ஸ்டாரின் நீளம் டைக்ஸ்ட்ராவின் நீளத்தைக் காட்டிலும் கூடும் ஒரு படத்தை நீங்களே கண்டுபிடித்தால், ‘மதிப்பீடு உண்மையை மிஞ்சக்கூடாது’ என்ற விதியை அதன் பின்னர் மறக்க மாட்டீர்கள்.

நிலா_06 எழுதியது:

இருவருக்கும் நன்றி. வாவிப் படத்தை வரைந்து பார்த்தேன். பேராசைத் தேடல் தந்த பாதை நீங்கள் சொன்னவாறே குடாவுக்குள் போய் வந்தது. தடையே இல்லாத வெறும் கட்டத்தாளில் அது மிகக் குறைந்த செயல்களோடு முடித்துவிடுவதையும் கண்டேன். அதைப் பார்த்தவர் அதுவே சிறந்தது என்று நினைத்துவிடலாம்.

ஒரு கேள்வி எழுகிறது. இங்கெல்லாம் தூரம்தான் செலவு. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் ஒருவருக்குத் தூரம் முக்கியமன்று, நேரமே முக்கியம். காலி வீதியில் மாலை வேளையில் தூரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. செலவு நேரமாக இருந்தால் மதிப்பீட்டை எப்படி அமைப்பது?

பஞ்சிகாவத்தை எழுதியது:

பொருள் விநியோகத்துக்கான மென்பொருள் எழுதுவது என் தொழில் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

நேர்கோட்டுத் தூரத்தை ஒரு வேகத்தால் வகுக்க வேண்டும். எந்த வேகம் என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சராசரி வேகத்தால் வகுப்பது இயல்பாகத் தோன்றும். நேர்கோட்டில் 6 கிலோமீற்றர் என்றும், நகரத்தின் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் என்றும் கொண்டால், மதிப்பீடு 18 நிமிடம். ஆனால் நள்ளிரவில் வெறிச்சோடிய வீதியில் அதே பயணம் 10 நிமிடத்தில் முடியக்கூடும். அப்போது மதிப்பீடு உண்மையை மிஞ்சிவிடுகிறது. அரைப்புள்ளி காட்டிய மூலைவிட்டச் சிக்கலே வேறு உருவில் திரும்ப வருகிறது. ஆகவே வலையமைப்பில் உள்ள எந்த வீதியிலும் சாத்தியமான உச்ச வேகத்தால் வகுக்க வேண்டும். அது 60 என்றால் மதிப்பீடு 6 நிமிடம், ஒருபோதும் மிஞ்சாது. அதற்கான விலை என்னவென்றால், நெரிசல் நேரத்தில் அந்த 6 நிமிடம் உண்மையிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பதால், ஏ ஸ்டார் கிட்டத்தட்ட டைக்ஸ்ட்ராவைப் போலவே எல்லாத் திசையிலும் பரந்து தேடும்.

இந்த இடத்தில் தொழிலில் இருப்பவர்கள் ஒரு சமரசம் செய்வதுண்டு. மதிப்பீட்டை வேண்டுமென்றே 1.5 அல்லது 2 ஆல் பெருக்குவார்கள். மூல மதிப்பீடு உண்மையை மிஞ்சாததாக இருந்தால், கிடைக்கும் பாதையின் செலவு மிகச் சிறந்ததன் அத்தனை மடங்கைத் தாண்டாது என்பது நிறுவப்பட்ட முடிவு. அரைப்புள்ளி குறிப்பிட்ட செயல்விளக்கத்தில் எடை என்ற பெட்டி இருக்கிறது. அதில் 1, 2, 5 என்று கொடுத்து, செயல்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது, பாதை எவ்வளவு நீள்கிறது என்பதை அட்டவணையாக எழுதிப் பாருங்கள்.

கட்டத்தாள் கருவிகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வீதி வலையமைப்பு கட்டத்தாள் அன்று. ஒருவழி வீதிகள், வலப்பக்கம் திரும்பத் தடை, கால்வாயைக் கடக்க ஓரிரு பாலங்கள் மட்டும் என்பன எல்லாம் அதில் இல்லை. பைதன் தெரிந்தால் ஓஎஸ்எம்என்எக்ஸ் என்ற தொகுப்பைப் பயன்படுத்தி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து பம்பலப்பிட்டி வீதிகளை வரைபாகவே இறக்கிக்கொள்ளலாம். மெரின் டிரைவ், காலி வீதி, டூப்ளிகேஷன் வீதி மூன்றும் ஏறக்குறைய இணையாகச் செல்ல, அவற்றை ஒழுங்கைகள் குறுக்கே இணைப்பதால், நீளத்தில் பெரிதாக வேறுபடாத எத்தனையோ பாதைகள் அங்கே உண்டு. ஏ ஸ்டார் அவற்றில் ஒன்றை எளிதில் கைவிட முடியாமல் பல கணுக்களை விரிப்பதை அங்கேதான் நன்றாகக் காணலாம்.

தெகிவளை வாசகி எழுதியது:

தேடலைப் பற்றி அண்ணாமார் நிறையச் சொல்லிவிட்டார்கள். உகப்பாக்கத்தின் தொடர் மாறிப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எந்தத் தளத்தையும் திறக்கும் முன்னர், ஒரு மாறியின் வர்க்கம் என்ற மிக எளிய சார்பை எடுத்துத் தாளில் படித்திறன் இறக்கத்தைச் செய்யுங்கள்; அதாவது ஒவ்வொரு படியிலும் பெறுதியைப் படியளவால் பெருக்கி மாறியிலிருந்து கழியுங்கள். பெறுதி மாறியின் இருமடங்கு. ஆகவே படியளவு 0.1 என்றால் ஒவ்வொரு படியிலும் மாறி 0.8 ஆல் பெருக்கப்படுகிறது. 3 இல் தொடங்கினால் 2.4, 1.92 என்று மெல்ல இறங்கும். படியளவு 0.5 என்றால் ஒரே படியில் 0. படியளவு 1 என்றால் 3, −3, 3 என்று முடிவின்றி ஊசலாடும். 1.1 என்றால் 3, −3.6, 4.32 என்று வெடித்துப் பெருகும். உயர்தர இணைந்த கணிதம் படித்த எவருக்கும் இது ஐந்து வரிக் கணக்கு. படியளவைப் பற்றி நிறையப் பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றின் சாரம் இந்த ஐந்து வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

அதன் பின்னர் டிஸ்டில் இதழில் கேப்ரியல் கோ 2017 இல் எழுதிய உந்தம் (முந்தைய படிகளின் வேகத்தையும் சேர்த்து நகரும் முறை) பற்றிய கட்டுரையைத் திறவுங்கள். படியளவுக்கும் உந்தத்துக்கும் தனித்தனி நழுவிகள் உள்ளன. நகர்த்த நகர்த்தப் பாதை மாறும். ஒடுங்கி நீண்ட பள்ளத்தாக்கில் வெறும் இறக்கம் சுவருக்குச் சுவர் மோதி அலைவதையும், உந்தம் சேர்ந்ததும் அந்த அலைச்சல் அடங்கி முன்னேற்றம் வேகமெடுப்பதையும் நீங்களே உண்டாக்கலாம். கட்டுரையின் பின்பாதிக்கு ஐகன் பெறுமானங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதல் வாசிப்பில் அதைத் தாண்டிச் செல்வதால் இழப்பில்லை. அந்த இதழ் 2021 முதல் புதிய கட்டுரைகளை நிறுத்திவைத்திருக்கிறது. பழையவை அப்படியே வாசிக்கக் கிடைக்கின்றன.

டென்சர்ஃப்ளோ பிளேகிரவுண்டையும் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். கணிப்பு முழுவதும் உங்கள் உலாவியிலேயே நடப்பதால், பக்கம் ஏறிய பின்னர் டேட்டா பெரிதாகச் செலவாகாது. கற்றல் வீதத்தை 0.03 இலிருந்து 3 க்கு உயர்த்தி, பிழையின் அளவைக் காட்டும் இழப்புக் கோடு குதிப்பதைப் பாருங்கள். ஆனால் அதில் நரம்பு வலையமைப்பின் வேறு பல பொத்தான்களும் கலந்திருப்பதால், உகப்பாக்கத்தை மட்டும் பிரித்துக் கற்க அது உகந்ததன்று என்பது என் கருத்து.

அரைப்புள்ளி எழுதியது:

அக்கா சொன்னவை ஒரே பள்ளம் உள்ள மேற்பரப்புகள். பல பள்ளங்கள் இருந்தால்? ஹிம்மெல்பிளாவ் சார்பில் சம ஆழமான நான்கு இழிவுகள் (பள்ளங்களின் அடிப்புள்ளிகள்) உள்ளன. தொடக்கப் புள்ளியைச் சிறிது நகர்த்தினாலே போய்ச் சேரும் இடம் மாறலாம். பரிணாமக் கார்கள் என்று ஒரு கருவி இருக்கிறது. மரபணு அல்கோரிதம், அதாவது நல்லவற்றைத் தெரிந்து கலந்து சிறிது மாற்றி அடுத்த தலைமுறையை ஆக்கும் முறை, கார்களை உருவாக்கி மேடுபள்ளத்தில் ஓடவிடும். அதையும் பார்க்கலாமே.

தெகிவளை வாசகி எழுதியது:

பார்ப்பதற்கு மகிழ்ச்சியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விகாரத்தின் (எழுமாறான சிறு மாற்றத்தின்) வீதத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்று நீங்கள் முன்கூட்டி ஊகித்தால், அந்த ஊகம் சரியா பிழையா என்று அது சொல்லாது. எழுமாற்றுத் தன்மை அவ்வளவு அதிகம். ஒரே அமைப்பை மீண்டும் ஓட்டினாலே விளைவு வேறாக வரும். ஆசான் விதித்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாத கருவியைக் கற்றல் கருவி என்று நான் எண்ணுவதில்லை.

அதற்குப் பதிலாக, சதுரங்கப் பலகையில் ஒன்றையொன்று தாக்காதவாறு எட்டு இராணிகளை வைக்கும் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் ஒவ்வொரு நிலைக்குத்து நிரலுக்கும் ஓர் இராணி வீதம் எழுமாறாக அடுக்கி, மோதல்களைக் குறைக்கும் திசையில் மட்டும் நகரும் மலையேற்றத்தை ஓட்டினால், ஏறத்தாழ 14 சதவீதத் தடவைகளில் மட்டுமே தீர்வு கிடைக்கும். எஞ்சிய 86 சதவீதத்தில் சிக்கி நின்றுவிடும். மோதல் எண்ணிக்கை குறையாவிட்டாலும் பக்கவாட்டில் நகரலாம் என்று அனுமதித்து, தொடர்ச்சியாக 100 நகர்வு என்று எல்லை வைத்தால், வெற்றி 94 சதவீதமாக உயர்கிறது. பாடநூல்களில் உள்ள இந்த எண்களை நீங்கள் எழுதும் சிறு நிரல் திரும்பத் தருகிறதா என்று சோதிக்கலாம்.

பஞ்சிகாவத்தை எழுதியது:

பயண விற்பனையாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கையின் 25 மாவட்டத் தலைநகரங்களையும் ஒருமுறை சுற்றி வரும் பாதைகள், திசையைப் பொருட்படுத்தாவிட்டால், 24 இன் காரணியத்தில் (1 முதல் 24 வரையான எண்களின் பெருக்கத்தில்) பாதி. அது 3 ஐத் தொடர்ந்து 23 பூச்சியங்கள் போட்டால் வரும் எண்ணை விடவும் பெரிது. எல்லாவற்றையும் பரிசோதிப்பது நடவாத காரியம் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் பதப்படுத்தல் முறை வருகிறது. கிர்க்பாட்ரிக், ஜெலட், வெக்கி ஆகியோர் 1983 இல் அதை வெளியிட்டனர். நிலையைக் கெடுக்கும் மாற்றத்தையும் அது சில வேளைகளில் ஏற்கும்; வெப்பநிலை எனப்படும் எண் குறையக் குறைய அப்படி ஏற்பது அரிதாகும். சுற்று நீளம் 10 அலகால் கூடும் ஒரு மாற்றம் முன்வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 100 ஆக இருக்கும்போது அதை ஏற்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.905, 10 இல் 0.368, 1 இல் 0.00005 க்கும் குறைவு. உலாவியில் ஓடும் செயல்விளக்கங்கள் பல உண்டு. வெப்பநிலையையும் குளிரும் வேகத்தையும் நீங்களே தீர்மானிக்க விடுவதையும், ஏற்கப்பட்ட கெட்ட மாற்றங்களின் எண்ணிக்கையைக் காட்டுவதையும் மட்டும் தெரிவு செய்யுங்கள். கோடுகள் நெளிந்து அவிழ்வதை மட்டும் காட்டுபவை அலங்காரம்.

ஒற்றைவரி எழுதியது:

இவ்வளவு கருவிகளும் எதற்கு? அகலவழித் தேடல் பைதனில் பதினைந்து வரி. எழுதினால் விளங்கும். நிரல் எழுதாமல் நழுவிகளை இழுத்துக்கொண்டிருப்பது நேர விரயம் என்றே நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசான் எழுதியது:

ஒற்றைவரி தம்பி, எழுத வேண்டும் என்பதில் மறுப்பில்லை. எழுதிய நிரல் ஓடுகிறது என்பதால் அது சரியானது என்று ஆகிவிடாது என்பதே என் தயக்கம். ஒரு சிறு வரைபைப் பாருங்கள். ‘அ’ விலிருந்து ‘இ’ க்கு நேரடிச் செலவு 10. ‘அ’ விலிருந்து ‘ஆ’ க்கு 1. ‘ஆ’ விலிருந்து ‘இ’ க்கு 2. இலக்கு ‘இ’. இலக்கு முதன்முதல் கண்ணில் பட்டதும் நிறுத்துமாறு எழுதிய டைக்ஸ்ட்ரா 10 என்று விடை தரும். இலக்கை வரிசையிலிருந்து எடுக்கும்போது மட்டுமே நிறுத்துமாறு எழுதியது 3 என்று தரும். முதலாவது நிரலில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. விஷுஅல்கோவில் அதே வரைபைப் போட்டு ஒவ்வொரு படியையும் தன் நிரலோடு ஒப்பிட்டவர் மட்டுமே இதைப் பிடிப்பார். ஆழவழித் தேடலிலும் அப்படியே: ஒரு கணுவை அடுக்கில் போடும்போது குறியிடுவதும் எடுக்கும்போது குறியிடுவதும் வெவ்வேறு ஒழுங்குகளைத் தரும்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய விரும்புவோருக்கு பேர்க்லி பல்கலைக்கழகத்தின் பக்மேன் செயற்றிட்டம் இருக்கிறது. தேடல் பகுதியை நீங்கள் எழுத, பக்மேன் அதன்படி நகரும். எத்தனை கணுக்கள் விரிக்கப்பட்டன என்ற எண்ணும் வரும். உடன் வரும் திருத்தும் நிரல் உங்கள் கணினியிலேயே ஓடும். மடிக்கணினி அவசியம். ஹார்வர்டின் செயற்கை நுண்ணறிவு இணையப் பாடத்தில் முதல் வாரம் தேடலும், பின்னர் ஒரு வாரம் உகப்பாக்கமும் வருகின்றன. குறுக்கெழுத்தை நிரப்பும் பயிற்சி நன்று.

ஒற்றைவரி எழுதியது:

அந்த 10, 3 உதாரணத்தை என் நிரலில் போட்டுப் பார்த்தேன். 3 தான் வந்தது. ஆனால் குறியிடும் விடயத்தில் ஆசான் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்.

நிலா_06 எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பகலில் ரெட் பிளாப் கேம்ஸும் டிஸ்டில் கட்டுரையும், இரவில் விஷுஅல்கோவும் பக்மேனும் என்று பிரித்துக்கொள்கிறேன். ஒரு சிறிய ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. ஒரே செலவுள்ள இரண்டு கணுக்கள் வரிசையில் நின்றால், கருவி ஒன்றை எடுக்கிறது, விரிவுரைக் குறிப்பு வேறொன்றை எடுக்கிறது. பரீட்சையில் எதைப் பின்பற்றுவது?

கொட்டாஞ்சேனை ஆசான் எழுதியது:

வினாத்தாளில் விதி தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பெரும்பாலும் அகரவரிசை என்று இருக்கும். தரப்படாவிட்டால், ‘சமமான கணுக்களில் முதலில் வரிசைக்கு வந்தது முதலில் விரிக்கப்படும்’ என்று விடையின் முதல் வரியில் எழுதிவிட்டு, கடைசிவரை அதிலிருந்து விலகாதீர்கள். கருவியில் பயிற்சி செய்யும்போதும், அது எந்த விதியைக் கொண்டிருக்கிறது என்பதை நான்கு கணுக்கள் உள்ள ஒரு சிறு வரைபை வைத்து முதலில் கண்டறிந்துகொள்ளுங்கள். விதி மாறினால் விரிக்கும் ஒழுங்கு மாறும். மதிப்பீடு உண்மையை மிஞ்சாதவரை ஏ ஸ்டார் தரும் பாதையின் செலவு மாறாது.